டிக்கி அரிசி

என் காரின் டிக்கியில் குளிர்காலம் முழுவதும் மூன்று மூட்டை புழுங்கல் அரிசி கிடக்கும். ஒவ்வொன்றும் நாற்பது இறாத்தல். கார்த்திகை மாதத்தில் பனிக்கால ரயர் மாட்டப் போகும்போது, கழற்றிய ரயர்களை ஏற்றுவதற்காக கராஜில் வேலை செய்யும் கியூபெக் பெண் டிக்கியைத் திறப்பாள், மூட்டைகளைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். முதல் வருடம் அவள் மிகவும் பொறுமையாக, இந்தக் காரில் நான்கு சில்லையும் என்ஜினே ஓட்டும், பின்னால் பாரம் வைக்கத் தேவையில்லை என்று பிரெஞ்சில் விளக்கினாள். தெரியும் என்றேன். இரண்டாம் வருடம், சாப்பாட்டுக் கடை நடத்துகிறாயா என்று கேட்டாள். மூன்றாம் வருடத்திலிருந்து அவள் ஒன்றும் கேட்பதில்லை. ரயர்களைப் பின் ஆசனத்தில் அடுக்கிவிட்டு டிக்கியை மெதுவாக மூடிவிடுகிறாள். கொஞ்சம் கழன்ற கேஸ் என்று நினைத்திருக்கக்கூடும்.

நான் மொன்றியலில் ஓர் ஆஸ்பத்திரியில் துணைத் தாதி. வேலையிடத்தில் கண்டிப்பானவள் என்று பெயர். தேவையில்லாத பொருளொன்று ஒரு மேசையில் கிடந்தால்கூட எனக்குப் பொறுக்காது. அப்படிப்பட்டவள் தேவையே இல்லாத நூற்றிருபது இறாத்தல் அரிசியை வருடா வருடம் ஏற்றிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் அத்தான். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர்.

இருபத்தொரு வருடங்களுக்கு முன்னர் நாங்கள் கோட்-டெ-நெய்ஜில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் குடியிருந்தோம். அக்கா, அத்தான், கார்டெரி என்கிற குழந்தைக் காப்பகத்துக்குப் போகும் வயதில் அவர்களுடைய மகள், பிறகு நான். அத்தான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் விடிய முன்னரே போய்ப் பெட்டி இறக்குகிற வேலை செய்தார். பாலை வாங்கும்போது பின்வரிசைப் போத்தலை எடுத்துத் திகதி பார்ப்பவர். பச்சை விளக்கு விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தெருவைக் கடப்பவர். அந்த மனிதர் ஒரு ஆடி மாதப் பின்னேரம் மயில் நீலத்தில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். சந்தையில் சீஸ் கடை வைத்திருந்த கிழவர் ஒருவர் வயதாகிவிட்டதென்று விற்ற கார். நாங்கள் மூன்று பேரும் பல்கனியில் நின்று பார்த்தோம். அத்தான் கீழே நின்று, யாரோ அவரைப் படம் எடுப்பதுபோல் கூச்சத்தோடு சிரித்தார்.

அக்காவுக்கு வந்த கோபம் ஒரு கிழமை நீடித்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏழு பேர் போகிற வான் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. “குனிஞ்சு ஏறி, தவழ்ந்து இறங்க வேண்டிக் கிடக்கு. உது காரோ, குகையோ?” என்று அக்கா கேட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் “என்ன அண்ணை, இளந்தாரி ஆகீட்டியள்” என்று சீண்டினார்கள். அத்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “மற்றக் காரெல்லாம் இழுக்கிற கார். இது தள்ளுற கார்.” முன்சில்லு காரை இழுத்துக்கொண்டு போவதற்கும் பின்சில்லு காரைத் தள்ளிக்கொண்டு போவதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பனி விழுந்தபோது விளங்கியது. பின்சில்லு தள்ளும் காரில் பாரமெல்லாம் முன்னால் என்ஜினில் இருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் சில்லு பனியில் பிடிக்காமல் சும்மா சுழலும். வளைவில் திருப்பினால் கார் திரும்பும், அதன் வால் மட்டும் வேறு பக்கம் போகும்.

டிக்கியில் மண்மூட்டை போட்டால் சரிவரும் என்று கட்டடத்தின் பராமரிப்பாளர் சொன்னார். இங்கே பழைய ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். கடையில் இதற்கென்றே மண்ணைப் பையில் அடைத்து விற்பார்கள். அத்தான் அந்தப் பைகள் அடுக்கியிருந்த இடம்வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஏன் வாங்கவில்லை என்று அக்கா கேட்டதற்கு, “பங்கருக்கு மண்மூட்டை கட்டினது காணும். இனி என்ரை காரிலை மண்மூட்டை ஏத்த மாட்டன்” என்றார். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தைப் பற்றி அவர் பேசியதாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு வசனம்தான். அடுத்த நாள் தமிழ்க் கடையிலிருந்து மூன்று மூட்டை அரிசி வந்தது. இரண்டு பின்சில்லுகளுக்கும் நேர் மேலே, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அவற்றைப் படுக்க வைத்து, நடுவில் இடைவெளி இல்லாமல் கையால் தட்டிச் சரிசெய்தார். பாரமும் ஆச்சு, சாப்பாடும் ஆச்சு என்று அவருக்கு மிகுந்த திருப்தி.

அப்படித்தான் டிக்கி அரிசி எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு சொல்லாகியது. அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. குளிர்காலத்தில் அதைத் தொடக்கூடாது; தவிர்க்க முடியாமல் ஒரு மூட்டை எடுத்தால் அத்தானிடம் உடனே சொல்ல வேண்டும், வேறு மூட்டை வைக்காமல் கார் ஓடாது. பங்குனிக் கடைசியில் தெருவோரத்துப் பனி கறுத்துக் கரையத் தொடங்கியதும் அவரே மூட்டைகளைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்து குசினியில் இறக்குவார். “டிக்கி அரிசி. குளிர்காலம் முடிஞ்சுது” என்பார். அன்று மத்தியானம் அந்த அரிசியில்தான் சோறு. இலேசாகப் பெற்றோல் மணக்கிறது என்று அக்கா ஒவ்வொரு வருடமும் சொல்வாள், ஒவ்வொரு வருடமும் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுவாள். பனிக்கால ஜாக்கெட்டுகளை அலமாரியில் வைப்பதற்குக்கூட எங்கள் வீட்டில் அந்தச் சோறுதான் நாள் குறித்தது.

அந்தக் காரில் பனியில் போவது எனக்கு முதலில் பயமாகவும் பிறகு பெரிய ஆசையாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சந்தைக்குப் பின்னால் வெறுமையாகக் கிடக்கும் தரிப்பிடத்தில் அத்தான் காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டு வட்டமடிப்பார். மகள் பின் ஆசனத்தில் கத்திச் சிரிப்பாள். அவருடைய கைகள் ஸ்டியரிங்கில் அவசரமே இல்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். “பின்பக்கம் போகப் பாத்தா போகட்டும், நீ போற பக்கத்தை மட்டும் பார்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சந்தையில் நாள் முழுவதும் பிறர் சொன்ன பெட்டியை, சொன்ன இடத்தில் இறக்கி வைக்கிற மனிதர் அவர். அந்தத் தரிப்பிடத்தில் மட்டும் அவர் முகத்தில் வேறொரு ஆள் வந்து இருப்பான். அந்த ஆளை அக்கா பார்த்திருந்தால் காரைப் பற்றி அவ்வளவு பேசியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் அந்த நேரத்தில் வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள்.

நான் துணைத் தாதிப் படிப்பின் கடைசிச் சோதனையில் ஒருமுறை தவறியிருந்தேன். பாடம் தெரியும், பிரெஞ்சுதான் காலை வாரியது. இரண்டாம் முறையும் தவறினால் ஒரு வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பு இருக்கவில்லை. சோதனை ஒரு மாசி மாதக் காலையில், நகரின் மறுபக்கத்தில் இருந்தது. அத்தான் அன்றைக்கு லீவு போட்டு, தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அதற்கு முதல் நாள் எதிர் வீட்டுக் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிறந்த தீட்டைக் கழிக்கிற சடங்கு. அந்தத் தாய்க்கு உதவிக்கு ஆளில்லை, கட்டடத்தில் உள்ள எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாக அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டில் இருந்த அரிசி போதவில்லை. அத்தான் விடிய எழும்பி வேலைக்குப் போய் வந்த களைப்பில் பகல் நித்திரையில் இருந்தார். “டிக்கியிலை கிடக்கிறதைக் கொண்டு வா. நாளைக்குக் காலமை அவர் கார் எடுக்க முதல் சொல்லிப் போடு” என்றாள் அக்கா.

நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மகளின் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் மூன்று மூட்டைகளையும் ஏற்றிக் கயிற்றால் இழுத்து வந்தேன். ஒன்றே போதுமாயிருந்திருக்கும், சமையல் பெரிதென்று நினைத்து மூன்றையும் கொண்டுவந்தேன். குசினியில் மூட்டை வாயைத் தைத்திருந்த வெள்ளை நூலின் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் முழுத் தையலும் கழன்று வரும். எனக்கு அதில் ஒரு சந்தோசம். அந்த நூலைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பாடு பரிமாறப் போனேன். பிறகு வந்து புத்தகத்தைத் திறந்தேன். மருந்துப் பெயர்கள், அளவுகள், பிரெஞ்சு வினைச்சொற்கள். அரிசி என் தலையிலிருந்து போய்விட்டது.

விடிந்தபோது மழையும் பனியும் கலந்து விழுந்து எல்லாம் உறைந்து கிடந்தது. காரைச் சுற்றிப் பனி அள்ளவே அரை மணித்தியாலம் பிடித்தது. பிந்திவிட்டோம். முதல் சந்தியில் திரும்பும்போது அத்தான் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “பென்சில் எடுத்தனியோ?” என்றார். ஓம் என்றேன். வழக்கமாக ஏதாவது முணுமுணுத்தபடி ஓட்டுபவர், அன்றைக்குச் சத்தமில்லாமல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மலைப்பக்கத்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் நான் கைக்குட்டை தேடிக் கோட்டுப் பைக்குள் கைவிட்டேன். நூல் அகப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. டிக்கி வெறுமை. சொன்னால் அவர் காரைத் திருப்புவார், சட்டம் சட்டம்தான். திரும்பிப் போய், மிச்ச அரிசியைக் கொண்டுவந்து போட்டு, மறுபடி வருவதற்குள் சோதனை மண்டபத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். நான் கணக்குப் பார்த்தேன். நூலை விரலில் சுற்றிக்கொண்டு, முன் கண்ணாடியில் துடைப்பான் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன். மறந்தது பிழை, அது எல்லோருக்கும் வரும். நினைவு வந்த பிறகு பேசாமல் இருந்தது எனக்கு மட்டும் சொந்தமான பிழை.

ஏற்றத்தைச் சில்லு சுழலச் சுழல எப்படியோ ஏறிவிட்டோம். இறக்கத்து வளைவில் வால் கழன்றது. அத்தான் பிடித்தார், அது மறுபக்கம் போனது, மறுபடி பிடித்தார், மூன்றாம் முறை பிடிபடவில்லை. கார் பக்கவாட்டில் மெதுவாகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் பின்பக்கத்தால் மோதியது. பெரிய சத்தம்கூட இல்லை. சுழன்று வந்த ஸ்டியரிங்கில் அவருடைய இடது கை அகப்பட்டு மணிக்கட்டு முறிந்துவிட்டது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. அவர் முகம் வெளிறிப்போய், முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, பின்னால் வரும் பஸ்ஸைக் கண்ணாடியில் பார்த்தார்.

“இறங்கு. பஸ் வருது. ஓடிப்போய் ஏறு.”

“அத்தான், நான் உங்களிட்டை ஒண்டு...”

“பேந்து கதைப்பம். இப்ப நீ போ.”

நான் போனேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கை முறிந்த மனிதரை உறைபனியில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறிப் போனேன். சோதனை எழுதினேன், சித்தியடைந்தேன்.

அன்று பின்னேரம் குசினியில் வைத்து அக்கா என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். “அரிசி எடுத்ததை அவருக்குச் சொன்னனிதானே?” அடுத்த அறையில் அத்தான் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. “ஓம்” என்றேன். அந்த ஒரு சொல்லோடு குற்றம் முழுவதும் அத்தானின் தலையில் போய் இருந்துகொண்டது. பாரமில்லை என்று தெரிந்தும் வீம்புக்கு ஓட்டியிருக்கிறார் என்று அக்கா முடிவுகட்டிவிட்டாள். அவரிடம் கேட்டபோது அவர், “வளைவிலை கொஞ்சம் வேகமா வந்திட்டன்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

காரின் பின் அச்சு வளைந்துவிட்டது, திருத்த முடியாதென்று சொல்லிவிட்டார்கள். அத்தானின் மணிக்கட்டு பொருந்தியது, ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. பிறகு ஓர் இழுக்கிற கார் வாங்கினார், பின்னர் இன்னொன்று. பிள்ளை வளர்ந்தாள், குடும்பம் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கிப் போனது. பிறந்தநாள், கலியாணம் என்று ஆட்கள் கூடும் இடமெல்லாம் அக்கா அந்தக் கதையைச் சொல்வாள்: ஸ்போர்ட்ஸ் கார் விசரில் கையை முறித்தவர், மச்சாளைச் சோதனைக்குப் பஸ்ஸில் விட்டவர் என்று. எல்லோரும் சிரிப்பார்கள். அத்தானும் தலையைக் குனிந்து சிரிப்பார். நானும் சிரித்தேன். எனக்கு என்மேல் உள்ள வெறுப்பெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான். இரண்டு மூன்று முறை சொல்ல வாயெடுத்தேன். ஒருமுறை விருந்தாளி வந்தார், ஒருமுறை அவர் நித்திரையாகிவிட்டார், பிறகு இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். நான் சொந்தமாகக் கார் வாங்கிய முதல் குளிர்காலத்தில், என்னையறியாமல் தமிழ்க் கடையில் மூன்று மூட்டை அரிசி வாங்கி டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் மாசியில் அத்தானின் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. நீரிழிவு கண்ணைத் தொட்டுவிட்டது. என் ஆஸ்பத்திரியில்தான். முடிந்ததும் நானே அவரை ரொக்ஸ்பரோவுக்குக் கூட்டிப் போனேன். ஒரு கண்ணில் கட்டு, மற்றக் கண்ணை வெளிச்சம் கூசுதென்று மூடிக்கொண்டு முன் ஆசனத்தில் சாய்ந்திருந்தார். புதுப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தெருவுக்குத் திரும்பியதும் அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“பின்னாலை என்ன பாரம் வச்சிருக்கிறாய்?”

நான் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினேன்.

“நூறு இறாத்தலுக்கு மேலை கிடக்கு” என்றார். “கார் குந்தித் திரும்புது.”

இரண்டு விளக்குச் சந்திகளைக் கடந்தேன். பிறகு காரை ஓரமாக நிறுத்தினேன். அவருக்கு இப்போது, கண்ணைக் கட்டிக்கொண்டு, வேறொருத்தியின் காரில் இருந்தபடி தெரிகிறதென்றால், அன்றைக்கு?

“அத்தான், அண்டைக்கு அரிசியை எடுத்தது நான். உங்களுக்குச் சொல்லேல்லை. ஏத்தத்திலை எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் நான் சொல்லேல்லை.”

“ஓம்” என்றார்.

“தெரியுமோ?”

“முதல் வளைவிலையே தெரியும். பின்பக்கம் லேசாக் கிடந்தது.”

“பிறகு ஏன் ஓட்டினனீங்கள்?”

“உனக்குச் சோதினை. சொன்னா நீ அங்கை போயிருந்து அரிசியைத்தான் எழுதியிருப்பாய்.” பிறகு சொன்னார். “பிடிப்பன் எண்டு நினைச்சன். ரெண்டு தரம் பிடிச்சனான்.”

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். பதினெட்டு வருடம். பேந்து கதைப்பம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பிறகு ஏன் கதைக்கவில்லை என்று கேட்டேன். நீ கேட்பாய் என்று இருந்தேன், நீ கேட்கவில்லை என்றார். குசினியில் நீ சொன்ன “ஓம்” எனக்குக் கேட்டது, சின்னப் பிள்ளை, பயந்துபோய்ச் சொல்கிறாய் என்று விட்டுவிட்டேன் என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, சின்னப் பிள்ளை இல்லை. அக்காவிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றபோதுதான் அவர் கட்டில்லாத கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“அது மட்டும் வேண்டாம். அவ அந்தக் கதையைச் சொல்லேக்கை எவ்வளவு சந்தோசமாச் சொல்லுறா. அதைக் கெடாதை.”

நான் சிரித்தேன். பிறகு அழுதேன், நன்றாகவே அழுதேன். அவர் முன் பெட்டியைத் தடவித் திறந்து, கடுதாசித் துவாயை எடுத்து நீட்டினார். இடது கையால் நீட்டினார். முழுதாகத் திரும்பாத அந்த மணிக்கட்டு எனக்கு நேரே வந்து நின்றது.

ரொக்ஸ்பரோவில் வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் உள்ளே போகவில்லை. காரின் பின்பக்கம் கைவைத்து நடந்து வந்து டிக்கியைத் தட்டினார். “மூண்டையும் இறக்கு. இந்தக் காருக்கு உது தேவையில்லை.” நான் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்துபோய்க் குசினியில் இறக்கினேன். அக்கா அடுப்படியிலிருந்து திரும்பி, “என்னடி இவ்வளவு அரிசி, ஆருக்குக் கலியாணம்?” என்றாள்.

அத்தான் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “டிக்கி அரிசி. குளிர்காலம் முடிஞ்சுது.”

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேலி தெரியாத அளவுக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு விட்ட மருந்து மூளைக்குப் போயிட்டுது போலை என்றாள். ஆனாலும் ஒரு மூட்டையைப் பிரித்து உலை வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். பெற்றோல் மணக்குது என்று அவள் சொன்னாள், இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள். புறப்படும்போது அத்தான் வாசல்வரை வந்து, பார்த்துப் போ என்று மட்டும் சொன்னார். நான் காரை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன், மெதுவாகத் திருப்பினேன். முதல் வளைவிலேயே எனக்கும் தெரிந்தது.